பிடிக்கும் கணக்கும் இருக்கும் கணக்கும்

ஒரு கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு இத்தனை குடம் தண்ணீர் மொள்ளலாம் என்று உத்தரவு போடுகிறவர், அந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதையும் ஊராருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். இந்த நியாயத்தை மறுப்பவர் எவரும் இரார். ஆயினும் காட்டிலும் வயலிலும் கடலிலும் வாழும் ஜீவன்களின் விஷயத்தில், எடுக்கலாம் என்று சர்க்கார் அனுமதிக்கும் தொகையைக் கேட்டுத் திருப்தியடைந்து விடுகிறோமே தவிர, இருக்கும் தொகை எவ்வளவு என்று கேட்கும் எண்ணங்கூட நம்மில் பெரும்பாலோருக்கு உண்டாவதில்லை. செங்கற்பட்டு ஜில்லாவில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மற்ற ஜில்லாக்களில் இல்லாத ஒரு விசேஷ காரணம் இருக்கிறது. அதைப் பற்றி நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணையை அடுத்து, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-ம் வருஷம் முதல் நடந்து வருகிறது. அதற்கு முன் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்று வயிறு கழுவி வந்தார்கள். 1972-ல் வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. தோலை வாங்கி அன்னிய தேசங்களுக்கு அனுப்பிப் பணம் சேர்த்தவர்கள் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். வேறு தொழில் அறியாத இருளர் குடும்பங்கள்தான் பட்டினிக்கு ஆளாயின. அந்த நிலையில், பாம்பைக் கொல்லாமல் அதன் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற யோசனையின் பேரில் இச்சங்கம் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு ஜாதிப் பாம்புகளை அங்கத்தினர்கள் பிடித்து வருகிறார்கள். மண் பானைகளில் அவற்றை வைத்து, வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறிது கத்தரித்து அடையாளம் செய்து காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து தயாரிப்பதுதான் பாம்புக்கடிக்கு நமது ஆஸ்பத்திரிகளில் போடப்படும் மாற்று மருந்து. தேசத்தில் அம்மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி நெடுங்காலமாக இந்த ஒரே இடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது.

எந்த ஜாதியில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வன இலாகா தொகை குறித்து அனுமதி கொடுக்கிறது. அத்தொகை அதிகமாக இருந்தால் பாம்பு குறையும். பாம்பு குறைந்தால் எலி பெருகும். எலி பெருகினால் குடியானவன் களத்தில் நெல் குறையும். தொகை குறைவாக இருந்தாலோ இருளர் வீட்டில் அடுப்பு எரியாது, எங்கோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டி இல்லாமல் ஒருவன் சாவான். இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் ஒரு எண், எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்பதை எல்லோரும் பார்க்கும்படி அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதே நமது கட்சி.

“வயலிலும் புதரிலும் ஒளிந்து திரியும் பாம்பை எப்படி ஐயா எண்ணுவது?” என்று சிலர் நகைக்கலாம். எண்ண வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாலாவது ஐந்தாவது வகுப்பில் படித்த திரைராசிகக் கணக்கு போதும். மூன்று தொகை தெரிந்தால் நாலாவது தொகை தானே வரும். மூன்று படி அரிசி இன்ன விலையென்றால் பத்துப் படி என்ன விலை என்று கடைக்காரன் விரல் விட்டுச் சொல்லுகிற அதே நேர் விகிதந்தான்.

இதன் மிக எளிய உருவத்தை இந்த ஜில்லாவிலேயே பார்க்கலாம். மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரிக்கு ஒவ்வொரு வருஷமும் மாரிக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் கரண்டிவாயன்களும் நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் வந்து, தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு எருவாகிறது என்று அறிந்த கிராமவாசிகள் அப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் எழுத்து மூலம் பாதுகாப்புப் பெற்றவர்களும் அவர்களே. அந்த ஏரியில் பத்து மரங்களில் உள்ள கூடுகளை எண்ணி, மொத்த மரங்களின் தொகையால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் மொத்தக் கூடுகள் வந்துவிடும். ஆனால் கரையோரத்து மரமும் ஏரி நடுவிலுள்ள மரமும் பறவைக்கு ஒன்றல்ல. எண்ணுவதற்குச் சௌகரியமாகக் கரையிலிருந்து தெரியும் மரங்களை மட்டும் எண்ணினவன் தப்பான விடையையே அடைவான். பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இராது. பிழை, எண்ணுவதற்கு மரத்தைப் பொறுக்கியதில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே சொல்லப் போவதெல்லாம் இதன் விரிவே.

மரம் நின்ற இடத்தில் நிற்கும். பாம்பும் மீனும் நிற்கமாட்டா. ஆகவே அவற்றுக்கு அடையாளம் வேண்டியிருக்கிறது. டென்மார்க்கு தேசத்து விஞ்ஞானி பீட்டர்ஸன், கடற்கழியில் வாழும் தட்டை மீன்களைப் பிடித்து அடையாளம் கட்டி மீண்டும் தண்ணீரில் விட்டு ஆராய்ந்த விவரத்தை 1896-ல் வெளியிட்டார். வட அமெரிக்காவில் லிங்கன் என்பவர், கால்வளையம் போட்டுப் பறக்கவிட்ட வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்கள் கையில் சிக்கின என்பதைக் கொண்டு அந்தக் கண்டத்து வாத்துகளின் மொத்தத் தொகையை மதிப்பிடும் வழியை 1930-ல் எழுதினார். அவர்களுக்கு வெகு காலம் முன்பே பிரான்ஸ் தேசத்து லாப்பிளாஸ், சில ஊர்களில் மாத்திரம் ஜனங்களை எண்ணி, சுமார் 28 பேருக்கு வருஷம் ஒரு பிறப்பு என்று கண்டு, தேசத்தின் பிறப்புத் தொகையிலிருந்து ஜனத்தொகையைக் கணித்தார். மூவர் செய்ததும் ஒரே திரைராசிகம்.

இதை நமது ஜில்லாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். சில கிராமங்களின் வயல்களில் 60 கண்ணாடி விரியன்களுக்குச் செதில் கத்தரித்து அங்கேயே விட்டதாக வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்குச் சொல்லும் தொகைதான். அடுத்த தடவை அதே வயல்களில் 50 விரியன்கள் பிடிபடுகின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் 5-க்கு அடையாளம் இருக்கிறது. ஐம்பதில் ஐந்து, அதாவது பத்தில் ஒரு பங்கு. பிடிபட்டவற்றில் பத்தில் ஒரு பங்கு அடையாளம் உள்ளவை என்றால், மொத்தத்திலும் பத்தில் ஒரு பங்குதான் அடையாளம் உள்ளவை. அடையாளம் உள்ளவை 60. ஆகவே மொத்தம் 600. இவ்வளவுதான் கணக்கு. மற்ற ஜில்லாக்களில் இதைச் செய்ய வேண்டுமானால் பாம்பு பிடிக்க ஆளும், அடையாளம் செய்யப் பயிற்சியும், செலவுக்குப் பணமும் தேட வேண்டும். இங்கோ பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடையாளம் செய்யும் வழக்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் வேலை நடக்கிறது. முக்கால் பங்கு வேலை நடந்து முடிந்த இடத்தில் மிச்சக் கால் பங்கை ஏன் செய்யக் கூடாது என்பதே நாம் கேட்பது.

ஆனால் அந்தக் கால் பங்கில்தான் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைத்து, கணக்கைத் துதி பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது.

மேலே சொன்ன 60 விரியன்களில் பாதி, பானையில் அடைபட்ட அலுப்பினாலோ விஷம் எடுத்த களைப்பினாலோ, விட்ட சில நாட்களில் செத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிருடன் இருப்பவை 30. அடுத்த தடவை 50-க்கு 5 அடையாளத்துடன் அகப்பட்டால், உண்மையில் அந்த வயல்களில் உள்ள விரியன்கள் 300 தான். ஆனால் நமது புஸ்தகத்தில் 60 என்று எழுதியிருக்கிறது. 60 என்றே கணக்குப் போடுவோம். 600 என்றே விடை வரும். பாம்பு எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகச் சாகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அடையாளம் உள்ளவை குறைவாகக் கண்ணில் படும். அடையாளம் உள்ளவை குறையக் குறைய மொத்தத் தொகை பெரிதாகத் தோன்றும். நாம் செய்யும் கொலையே நமக்குச் செழிப்பாகக் காட்சியளிக்கும்! அந்தச் செழிப்பைக் கண்டு இலாகா அனுமதித் தொகையை உயர்த்தினால், அதைவிட விபரீதம் வேறென்ன இருக்கிறது? இதற்காகவே, விட்ட பாம்புகளில் எத்தனை பிழைக்கின்றன என்பதைத் தனியாகப் பரீட்சித்து அறிய வேண்டியிருக்கிறது. சில பாம்புகளின் உடலில் சிறு ரேடியோக் கருவியை வைத்துப் பின்தொடர்ந்தால் அது தெரிந்துவிடும். பிடித்த வயலை விட்டு வேறொரு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் இதே கோளாறுதான். அந்தப் பாம்பு பழைய வயலில் மீண்டும் அகப்படாது. அகப்படாததைப் புஸ்தகம் ‘ஏராளம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்ளும்.

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. செதில் அடையாளம் எதற்காக ஏற்பட்டது? சமீபத்தில் விஷம் எடுத்து விட்ட பாம்பையே மறுபடியும் பிடித்து வந்து வருத்தக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் இதன் பலன் என்ன? வளையைத் தோண்டிப் பாம்பை எடுத்த இருளர், வயிற்றைப் பார்த்து அடையாளம் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வளைக்குப் போவார். சங்கத்தில் வாங்காத பாம்பை அவர் ஏன் சுமந்து வர வேண்டும்? அவர் கண்ட 50-ல் அடையாளம் உள்ளவை 5. அவற்றில் 4-ஐ வயலிலேயே விட்டுவிட்டார். சங்கத்துக்கு வந்தவை 46; அவற்றில் அடையாளம் உள்ளது 1. இனி 60-ஐ 46-ஆல் பெருக்கி 1-ஆல் வகுத்துப் பாருங்கள். 2,760 வருகிறது. உள்ளது 600, புஸ்தகம் சொல்லுவது 2,760! இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பிடித்தவர் யோக்கியர், எழுதினவர் யோக்கியர், கணக்கு மட்டும் பொய். ஆகையால், சங்கத்துக்கு வந்த பாம்புகளின் பதிவேட்டை மாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டு கச்சேரியில் உட்கார்ந்து வகுத்துப் பெருக்குவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பரிகாரம் கஷ்டமானதல்ல. மீனுக்கு அடையாளம் கட்டும் தேசங்களில், அந்த அடையாளத்தைத் திருப்பிக் கொடுக்கும் மீனவனுக்குச் சன்மானம் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். இங்கும் அப்படியே, அடையாளமுள்ள பாம்பைக் கண்டு, எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் செதில் என்று சொல்லிவிட்டுப் பாம்பை அங்கேயே விட்டுவரும் அங்கத்தினருக்கு ஒரு தொகை கொடுக்கலாம். கையில் பாம்பு இல்லாமல் வெறும் வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுப்பதா என்று கணக்கு இலாகாக்காரர்கள் புருவத்தை நெரிப்பார்கள். இந்தக் காலத்தில் கைப்பை டெலிபோனில் ஒரு போட்டோ எடுத்தால் செதிலும் தெரிகிறது, இடமும் நேரமும் தாமே பதிகின்றன. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மேலும், விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லுவதையும் விட வேண்டும். நமது உதாரணத்தில் அடையாளம் உள்ளவை 5 அகப்பட்டன. அதிர்ஷ்டவசத்தால் 3 அகப்பட்டிருந்தால் விடை 1,000. 7 அகப்பட்டிருந்தால் சுமார் 430. அதே வயல், அதே பாம்புகள், அதே உழைப்பு; இரண்டு பாம்பு கூடக் குறைய அகப்படுவதில் விடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகையால், குறைந்தது இவ்வளவு, அதிகமாய்ப் போனால் இவ்வளவு என்று இரண்டு கரையையும் சொல்லுவதே ஒழுங்கு. அனுமதித் தொகையைக் கீழ்க்கரையை வைத்து நிச்சயிப்பதே விவேகம். நிறையப் பாம்புகளைப் பார்த்து, நிறைய அடையாளங்களைக் கண்டால் இரண்டு கரையும் தாமே நெருங்கி வரும்.

எண் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானத்து ஸரிஸ்கா வனமே சாட்சி. புலியின் கால் தடத்தைப் பார்த்துப் புலியை எண்ணும் பழைய முறையில், 2004-ல்கூட அங்கே பதினைந்துக்கு மேற்பட்ட புலிகள் இருந்ததாகக் காகிதம் சொல்லிற்று. சில மாதங்களில் அங்கே ஒரு புலிகூட இல்லை என்பது அம்பலமாயிற்று. கள்ள வேட்டைக்காரர்கள் புலியை முடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், காகிதப் புலிகள் சர்க்காரைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகே கால் தட முறை கைவிடப்பட்டது. புலியின் வரி மனிதனின் கைரேகையைப் போல் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. அதையே இயற்கை இட்ட அடையாளமாகக் கொண்டு, தானியங்கிக் காமிராக்களில் ஒரே புலி எத்தனை தடவை அகப்படுகிறது என்று பார்க்கும் முறையைக் கர்நாடகத்து உல்லாஸ் காரந்த், நாகரஹொளே காட்டில் 1990-களின் தொடக்கத்திலேயே செய்து காட்டியிருந்தார். தேசம் அவர் வழிக்கு வர ஒரு வனம் காலியாக வேண்டியிருந்தது.

விகிதக் கணக்கை ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு பெரிய உண்மை வெளியாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அது நமது பாம்பு விஷயத்திலேயே இருக்கிறது. பாம்புக்கடியால் இத்தேசத்தில் வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கூட்டினால் வருவது மிகச் சொற்பம். ஏனெனில் கடிபட்ட கிராமவாசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியை எட்டுவதில்லை. எட்டாதவனை யாரும் எழுதுவதில்லை. தேசமெங்கும் பொறுக்கியெடுத்த இடங்களில் 2001 முதல் 2003 வரை நேர்ந்த சுமார் 1,23,000 மரணங்களை வீடு வீடாகச் சென்று விசாரித்ததில், 562 மரணங்கள் பாம்புக்கடியால் ஏற்பட்டவை என்று தெரிந்தது. அந்த விகிதத்தைத் தேசத்தின் மொத்த மரணங்களுக்குப் பொருத்தி, 2005-ல் மட்டும் சுமார் 45,900 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2011-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லிற்று. பின்னர் 2020-ல் வந்த ஆராய்ச்சி, 2000 முதல் 2019 வரை சராசரி வருஷத்துக்கு 58,000 என்று கண்டது. செத்தவர்களின் தொகை இவ்வாறு திரைராசிகத்தால் வெளியான பின்புதான் மருந்தின் தேவை எவ்வளவு என்ற பேச்சே உருப்படியாக நடக்கிறது. மருந்தின் தேவை தெரிந்துவிட்டது; மருந்துக்கு மூலமான பாம்பின் இருப்பும் தெரிய வேண்டாமா?

இதே கடற்கரையில் இன்னொரு கணக்கும் தீராமல் கிடக்கிறது. 2025 ஜனவரியில் சென்னை முதல் செங்கற்பட்டுக் கரை வரை செத்த பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. முட்டையிடக் கரை தேடி வந்த ஜீவன்கள், இழுவை வலைகளில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தன என்பது பரிசோதித்தவர்களின் அபிப்பிராயம். பத்திரிகைகள் ‘ஆயிரம் ஆமைகள் செத்தன’ என்று எழுதின. அது சரியல்ல, ஆயிரம் ஆமைகள் ஒதுங்கின. கடலில் செத்ததெல்லாம் கரைக்கு வருவதில்லை. சில மூழ்கும், சிலவற்றை மீன்கள் தின்னும், சிலவற்றை நீரோட்டம் நடுக்கடலுக்கு இழுத்துச் செல்லும். அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் 1990-களில் செய்த ஆராய்ச்சியில், வலையில் பட்டுச் செத்த ஆமைகளில் கரை சேர்ந்தவை 100-க்கு 7 முதல் 13-க்கு மேற்படாது என்று கண்டார்கள். அந்த விகிதத்தை எடுத்து நமது ஆயிரத்துக்குப் பொருத்தினால், சுமார் 7,700 முதல் 14,300 வரை விடை வரும். ஆனால் அப்படிப் பொருத்துவதை நாம் ஒப்பவில்லை. அவர்கள் காற்று வேறு, நீரோட்டம் வேறு, படகு ஓடும் தூரம் வேறு. கரையோர மரத்தை எண்ணி நடு ஏரிக்குக் கணக்குச் சொன்னவன் செய்த பிழையே அதிலும் நேரும். ஒதுங்கின ஆமைகளின் ஓட்டில் அடையாளம் இட்டு, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நேரே வெவ்வேறு தூரத்தில் கடலில் விட்டு, எத்தனை திரும்பக் கரை சேர்கின்றன என்று இரண்டு பருவம் பார்த்தால் நமது கடலுக்கு உரிய விகிதம் கிடைத்துவிடும். செலவு சொற்பம், உள்ளூர் மீனவர்களே செய்யக்கூடிய வேலை. ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்ற விதி எவ்வளவு தூரம் மீறப்படுகிறது என்ற வழக்கில், படகுக்காரர்களும் அதிகாரிகளும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்த ஒரு எண் முற்றுப்புள்ளி வைக்கும்.

‘கண்ணில் பட்டது இவ்வளவு’ என்பதற்கும் ‘உள்ளது இவ்வளவு’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, வேடிக்கை போல, இந்த ஜில்லாக்காரர்களே அமெரிக்காவுக்குச் சென்று நிரூபித்து வந்திருக்கிறார்கள். பர்மா தேசத்து மலைப்பாம்புகள் பிளாரிடாவின் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்குள்ள சிறு மிருகங்களையெல்லாம் விழுங்கி வந்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017-ல் அழைக்கப்பட்டவர்கள் இருளர்களான ஸ்ரீ மாசி சடையனும் ஸ்ரீ வடிவேல் கோபாலும். முதல் எட்டு நாட்களில் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். வெளியூர்க்காரன் கண்ணுக்கு வெறும் புல்லாகத் தெரிந்த இடத்தில் அவர்கள் கண்ணுக்குப் பாம்பு தெரிந்தது. அந்தச் சதுப்பில் ஒரு பாம்பின் பக்கத்திலேயே நடந்து போனாலும் அது கண்ணில் படுவதற்குரிய வாய்ப்பு 100-க்கு ஒன்றுக்கும் குறைவு என்றும், அதனாலேயே மொத்தத் தொகையை நம்பகமாகச் சொல்ல முடியவில்லை என்றும் அமெரிக்க சர்க்காரின் விஞ்ஞானிகள் 2023-ல் எழுதினார்கள். அதே வருஷம் நமது சர்க்கார் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருது கொடுத்தது நியாயமே. ஆனால் அந்தக் கண்ணையும் கையையும் மதிக்கிறோம் என்றால், அவர்கள் கண்டதை எழுதி வைத்துக் கணக்கில் சேர்ப்பதுதான் சரியான மரியாதை. பாம்பைக் கண்டுபிடிக்க அவர்கள் வேண்டும், பாம்பின் தொகையை நிச்சயிக்க மட்டும் அவர்கள் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

நமது யோசனைக்கு இரண்டு ஆட்சேபங்களை எதிர்பார்க்கிறோம். ஊர்வாரியாகத் தொகையை வெளியிட்டால் திருட்டு வேட்டைக்காரனுக்கு வழி காட்டியதாகும் என்று இலாகா சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் தாலூகாவாரியாக வெளியிடட்டும். ஊர்வாரியான புஸ்தகத்தைச் சங்கமும் இலாகாவும் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது ஆட்சேபம் இருளர்களிடமிருந்தே வரக்கூடும். அதை நாம் மிகவும் கனமாகக் கருதுகிறோம். “கணக்குப் போட்டுப் பாம்பு குறைவு என்று தெரிந்தால் எங்கள் அனுமதியைக் குறைப்பீர்கள். எங்கள் வாயால் சொன்ன கணக்கே எங்கள் வாயில் மண்ணைப் போடுமானால் நாங்கள் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்?” என்று அவர்கள் கேட்டால் அதற்கு நேரான பதில் வேண்டும். கணக்கின் யோக்கியதை முழுவதும், அடையாளமுள்ள பாம்பைக் கண்டவன் கண்டேன் என்று சொல்லுவதில் நிற்கிறது. சொன்னதற்காக அவன் கூலி குறையும் என்றால் அவன் சொல்லமாட்டான். சொல்லாவிட்டால் 600 என்பது 2,760 ஆகும். ஆகவே பிடிக்கும் தொகை குறைந்தால் விஷத்தின் விலை அதற்கேற்ப உயர வேண்டும். அந்த விலையை, மலிவு விஷத்தினால் இத்தனை வருஷம் பயன் பெற்று வந்த மருந்துக் கம்பெனிகளும், மருந்தை வாங்கும் சர்க்காரும் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை முதலில் எழுத்தில் செய்துவிட்டுப் பிறகு கணக்கை ஆரம்பிக்க வேண்டும். முன்னதில்லாமல் பின்னதைத் தொடங்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

செங்கற்பட்டு ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் இதைக் கட்சி வித்தியாசமின்றிக் கையிலெடுக்கலாம். வன இலாகா மந்திரியைச் சட்டசபையில் கேட்பதற்கு நான்கு கேள்விகள் போதும்: இந்த வருஷம் ஜாதிவாரியாக அனுமதித்த தொகை எவ்வளவு, அது எந்த மதிப்பீட்டின் மேல் நிச்சயிக்கப்பட்டது, அடையாளம் செய்து விட்ட பாம்புகளில் எத்தனை மீண்டும் காணப்பட்டன, காணப்பட்டதை வந்து சொன்ன இருளருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது. நாலாவது கேள்விக்குப் பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால், மூன்றாவது கேள்விக்கு என்ன எண் சொன்னாலும் அங்கத்தினர்கள் அதை ஏற்க வேண்டியதில்லை.